அன்ரி-சி.சி.பி. உயர்ந்த ஒரு நோயாளியும் நோய்த்தணிவும்: கொழும்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 48 வயதுப் பெண், எடை 56 கிலோ. வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே சாறி பிளவுஸ் தைப்பவர். நான்கு மாதங்களாக இரண்டு கைகளிலும் கால்களிலும் மூட்டு வலி. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரலை நுழைக்கவே காலை ஒன்பது மணியாகிவிடும். விறைப்பு இளகக் குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. இவருக்கு இருந்தது முடக்குவாதம் (ருமட்டொயிட் ஆர்த்திரைற்றிஸ்), உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே மூட்டுகளைத் தாக்கும் நோய். அன்ரி-சி.சி.பி. அந்த நோயில் இரத்தத்தில் காணப்படும் ஒரு பிறபொருளெதிரி. இங்கே சொல்லப்படும் நோயாளி தனியொருவர் அல்ல. மூட்டுவாதக் கிளினிக்குகளில் திரும்பத் திரும்பக் காணும் பலரின் போக்கைச் சேர்த்து அமைத்த மாதிரி.

வலி தொடங்கியது மூன்று நாள் காய்ச்சலோடு. அதே ஒழுங்கையில் வேறு வீடுகளிலும் காய்ச்சல் இருந்ததால் எல்லாரும் சிக்குன்குனியா என்றே நினைத்தார்கள். அந்த எண்ணத்தில் தவறில்லை. 2006, 2007 காலத்தில் இலங்கையைச் சுழற்றியடித்த சிக்குன்குனியா 2025-லும் கொழும்புப் பக்கம் பரவியது. காய்ச்சல் விட்ட பிறகும் அதன் மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அதுவும் இரு பக்கமும் சமமாக, சிறு மூட்டுகளில், காலை விறைப்போடுதான் வரும். ஆகவே பாமசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போட்டுக்கொண்டே நான்கு மாதம் கழிந்தது.

கையைப் பார்த்த உடனேயே சந்தேகம் மாறியது. முட்டி பிடிக்கும்போது விரல் கணுக்களுக்கு இடையில் தெரியவேண்டிய பள்ளங்கள் வலது கையில் காணவில்லை. இரண்டாம், மூன்றாம் கணுக்களை இரு பெருவிரல்களால் அழுத்தினால் எலும்பின் கடினம் இல்லை. பஞ்சை அமுக்குவதுபோல் மெத்தென்றிருந்தது. பாதத்தின் முன்பகுதியைக் குறுக்காகப் பிடித்து மெல்ல நெரித்தபோது காலை இழுத்துக்கொண்டார். 28 மூட்டுக் கணக்கில் 12 மூட்டுகளில் நோவு, 9 மூட்டுகளில் வீக்கம். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இரண்டு அளவுகளில் ஈ.எஸ்.ஆர். 62, சி.ஆர்.பி. லீற்றருக்கு 28 மி.கி. ஹீமோகுளோபின் 10.4. நூறுக்கு எத்தனை கஷ்டம் என்று கேட்டதற்கு 70 என்றார். மூட்டு எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., இந்த மதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து நோயின் தீவிரத்தை அளக்கும் டாஸ்-28 கணக்கு 6.65. 5.1-க்கு மேற்பட்டாலே தீவிர நோய் என்று கொள்வது வழக்கம்.

இரத்தப் பரிசோதனையில் இரண்டு பிறபொருளெதிரிகள் உயர்ந்திருந்தன: ருமட்டொயிட் பாக்டர் 148, அன்ரி-சி.சி.பி. 260. இரண்டுக்கும் அந்த ஆய்வுகூடத்தின் உச்ச வரம்பு 20 அலகு.

இந்த இரண்டு எண்களும் எதைச் சொல்கின்றன

2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாதவியல் அமைப்புகள் சேர்ந்து வகுத்த புள்ளிமுறையில் பத்துக்கு ஆறு கிடைத்தால் முடக்குவாதம். பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள், அவற்றில் சிறு மூட்டும் உண்டு என்றால் 5. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் 1. சி.ஆர்.பி. அல்லது ஈ.எஸ்.ஆர். உயர்ந்திருந்தால் 1. பிறபொருளெதிரிகளில் ஏதேனும் ஒன்று உச்ச வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினால் 3. தாண்டாமல் உயர்ந்திருந்தால் 2. இவருக்குப் பத்துக்குப் பத்து. பிறபொருளெதிரியை விட்டுக் கூட்டினாலும் 7 வருகிறது. பின் ஏன் அந்தப் பரிசோதனை? அந்தப் புள்ளிமுறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: மூட்டு வீக்கத்தை வேறொரு நோய் இன்னும் பொருத்தமாக விளக்கக்கூடாது. சிக்குன்குனியா பரவும் ஊரில் அந்த நிபந்தனையைத் தாண்டுவதுதான் கடினம். ருமட்டொயிட் பாக்டர் மட்டும் சற்று உயர்ந்திருந்தால் சிக்குன்குனியா, ஹெப்பற்றைற்றிஸ் சி, காசநோய், ஏன் முதுமைகூட அதற்குக் காரணமாகலாம். அன்ரி-சி.சி.பி. வரம்பின் பதின்மூன்று மடங்கு இருப்பதை அந்தக் காரணங்களைக் கொண்டு விளக்குவது கடினம்.

ருமட்டொயிட் பாக்டர் பழைய அறிமுகம். 1940-ல் நோர்வேயில் வாலர் கண்டார், 1948-ல் ரோஸ் மீண்டும் கண்டார். நம் உடலின் ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியின் வால்பகுதியையே தாக்கும் இன்னொரு பிறபொருளெதிரி அது. அன்ரி-சி.சி.பி. பின்னால் வந்தது. புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை பாட் எனப்படும் நொதியம் சிற்றுலினாக மாற்றுகிறது. அழற்சி உள்ள எந்த இழையத்திலும் இது நடக்கும். ஆனால் சில பரம்பரை அலகுகள் உள்ளவர்களின் நிர்ப்பீடனத் தொகுதி அந்தச் சிற்றுலினை அந்நியமென்று எண்ணிப் பிறபொருளெதிரி தயாரிக்கிறது. புகைபிடிப்பவரின் நுரையீரலிலும், முரசு நோய் முற்றிய வாயிலும் இந்த மாற்றம் கூடுதலாக நடக்கிறது. அதனால்தான் பல் வைத்தியரிடம் அனுப்புவது அலங்காரமான ஆலோசனை அல்ல.

சுவீடனிலும் நெதர்லாந்திலும் இரத்த வங்கிகளில் உறைய வைத்திருந்த மாதிரிகளை எடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2003, 2004-ல் வெளிவந்தன. பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்கள், மூட்டு ஒரு நாளும் நோகாத காலத்தில் கொடுத்த இரத்தத்திலேயே இந்தப் பிறபொருளெதிரி இருந்தது. சிலருக்கு நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே. நோயாளிக்கு இதை விளக்குவது அவசியம். அன்ரி-சி.சி.பி. இன்றைய வீக்கத்தின் அளவு அல்ல. இவரது நோய் எந்த வகையைச் சேர்ந்தது, எலும்பை அரிக்கும் சாத்தியம் எவ்வளவு, மருந்தை விட்டால் திரும்பும் சாத்தியம் எவ்வளவு என்பதையே அது காட்டுகிறது.

எலும்பு அரிப்பு தொடங்கியே விட்டது. கை எக்ஸ்ரே சுத்தம். இடது காலில் சிறுவிரலின் அடிக்கணுவில் ஓரம் சற்றே கடிபட்டிருந்தது. முதல் அரிப்பு அங்கே தெரிவது அடிக்கடி நடப்பது. கையை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தால் இது தவறியிருக்கும்.

மருந்து தொடங்கியதும் இடறியதும்

முதலில் முழு இரத்த எண்ணிக்கை, ஈரல் நொதியங்கள், கிரியற்றினின், ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்பதால் கருத்தடை பற்றிய பேச்சும். 48 வயது என்பதால் அதைக் கேட்காமல் விடுவது கிளினிக்குகளில் சாதாரணம். விடக்கூடாது: தொடங்கவிருக்கும் முக்கிய மருந்தான மெதோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும்.

மெதோட்ரெக்சேட் வாரம் 10 மி.கி., ஞாயிறு இரவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2.5 மி.கி. வீதம் கூட்டி 20 வரை. ஃபோலிக் அசிட் 5 மி.கி., புதன்கிழமை. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் நாளுக்கு 200 மி.கி.; கிலோவுக்கு 5 மி.கி. என்ற உச்சப்படி இவருக்கு 280 வரைதான் இடமுண்டு, கண்ணைக் காக்க அந்த வரம்பு. பிரெட்னிசொலோன் 15 மி.கி.யில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2.5 குறைத்து 12 வாரத்தில் பூச்சியம். ஸ்டீரொயிட் இங்கே பாலம் மட்டும். மற்ற மருந்துகள் வேலை செய்ய எட்டுப் பன்னிரண்டு வாரம் எடுக்கும். அதுவரை தாங்கிப் பிடிக்க.

மெதோட்ரெக்சேட்டில் உயிரைக் குடிக்கும் பிழைகளில் முக்கியமானது: வாரக் குளிசையைத் தினம் போடுவது. வாய்ப்புண், வயிற்றோட்டம், பின் வெண்குழியங்கள் விழுந்து தொற்று. கொழும்பில் இதற்குக் கூடுதல் வழி திறந்திருக்கிறது. துண்டு ஆங்கிலத்தில், மருந்து உறையில் எழுத்து சிங்களத்தில், வாசிப்பவர் தமிழில் மட்டும். ஆகவே உறையின் மேல் பெரிதாக "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் எழுதி, அதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். 2.5 மி.கி. குளிசையும் 10 மி.கி. குளிசையும் ஒரே மஞ்சளில் வரலாம். அதனால் "நாலு குளிசை" என்று எண்ணிக்கையைச் சொல்வதோடு நிறுத்தாமல் மில்லிகிராமையும் எழுத வேண்டும். ஒரு வீட்டில் ஒரே அளவுக் குளிசை மட்டும் இருப்பதே நல்லது.

பத்தாம் வாரத்தில் ஈரல் நொதியமான ஏ.எல்.ரி. 96, வரம்பு 40. மருந்தை நிறுத்திவிடும் அவசரம் இப்படியான இடத்தில்தான் வரும். மூன்று மடங்கைத் தாண்டவில்லை; ஆளும் நன்றாக இருக்கிறார்; கண் மஞ்சளில்லை. எப்போது இரத்தம் எடுத்தீர்கள் என்று கேட்டதில் காரணம் தெரிந்தது. ஞாயிறு இரவு குளிசை, திங்கள் காலை இரத்தம். மெதோட்ரெக்சேட் எடுத்த அடுத்த ஓரிரு நாளில் ஈரல் நொதியம் தற்காலிகமாக ஏறும். அடுத்த குளிசைக்கு முந்தைய நாளான சனிக்கிழமை எடுத்தபோது 44. அதற்குள் டைக்குளோபெனக்கையும் நிறுத்தியிருந்தார். பரிசோதனை நாளைத் துண்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஒரு வாரக் கலக்கம் தேவைப்பட்டிராது.

கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் இன்னொரு வரி சிவப்பு மையில் எழுதப்பட்டது: கோ-ட்ரைமொக்ஸசோல் கொடுக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்குத் தெருமுனை டிஸ்பென்சரியில் எளிதாகக் கிடைக்கும் அந்த மருந்து மெதோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மச்சையை அடக்கிவிடும். இருமலுக்கோ பல்வலிக்கோ எங்கே போனாலும் கொப்பியும் கூடப் போக வேண்டும்.

ஆறாம் மாதம்: தணிவு போலத் தெரிந்தது

ஆறாம் மாதம் டாஸ்-28 கணக்கு 2.51. 2.6-க்குக் கீழே போனால் தணிவு என்று அட்டவணை சொல்கிறது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. நோவு 1, வீக்கம் 3, ஈ.எஸ்.ஆர். 6, நோயாளியின் மதிப்பு 15. இந்தச் சூத்திரத்தில் ஈ.எஸ்.ஆர். பெரும் எடை தாங்குகிறது. வீங்கிய மூட்டுகளோ வர்க்கமூலத்தால் சுருக்கப்பட்டுப் பின் 0.28-ஆல் பெருக்கப்படுகின்றன. ஈ.எஸ்.ஆர். 6-க்கு இறங்கினால் மூன்று மூட்டு வீங்கியிருந்தும் தணிவு என்று வந்துவிடும். சாதாரணக் கூட்டலான சி.டி.ஏ.ஐ. என்ற இன்னொரு அளவுகோலில் பார்த்தால் நோவு 1, வீக்கம் 3, பத்துக்கு நோயாளியின் மதிப்பு 1.5, வைத்தியரின் மதிப்பு 2, ஆக 7.5. அங்கே தணிவுக்கு 2.8-க்கு மேல் போகக்கூடாது.

அதைவிடப் பெரிய ஓட்டை, 28 மூட்டுக் கணக்கில் பாதம் இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னபோது இடது முன்பாதம் தடித்திருந்தது, நெரித்தால் நோவு. அரிப்பு இருந்ததும் அதே காலில். கிளினிக்கில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடமே கிடைக்கிறது என்பது உண்மை. ஆனாலும் செருப்பைக் கழற்ற இருபது செக்கன்தான் போகும்.

சரியான அளவுகோல் 2011-ல் வகுக்கப்பட்ட, நான்கும் ஒருங்கே நிறைவேற வேண்டிய பூலியன் வரையறை: நோவு மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, வீக்கம் ஒன்றுக்கு மேல் கூடாது, சி.ஆர்.பி. டெசிலீற்றருக்கு 1 மி.கி.க்கு மேல் கூடாது, நோயாளியின் சொந்த மதிப்பு பத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. கடைசி ஒன்று 2022-ல் இரண்டாகத் தளர்த்தப்பட்டது. முழங்கால் தேய்வோ மனச்சோர்வோ உள்ளவருக்கு, மூட்டு அழற்சி அடங்கினாலும் அந்த மதிப்பு இறங்காது என்பதற்காக. சி.ஆர்.பி. அலகில் ஒரு பொறி உண்டு: இங்குள்ள ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் லீற்றரில் தரும், ஆகவே அந்த 1 நமக்கு 10.

ஸல்பாசலசீன் சேர்க்கப்பட்டது. நாளுக்கு 500 மி.கி.யில் தொடங்கி வாரம் 500 வீதம் கூட்டி 2 கிராம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். மெதோட்ரெக்சேட், ஸல்பாசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மூன்றும் சேர்ந்த கூட்டு பழையது, மலிவானது, அரச மருந்தகத்தில் கிடைப்பது. விலையுயர்ந்த ஊசி மருந்துக்குப் பாயுமுன் இதை முழு அளவில் கொடுத்துப் பார்ப்பது நியாயம். அதுவும் தோற்றால் ரிற்றுக்சிமாப் போன்றவற்றை யோசிக்கையில் பிறபொருளெதிரி மீண்டும் பயன்படும்: ருமட்டொயிட் பாக்டரோ அன்ரி-சி.சி.பி.யோ உள்ளவருக்கே அந்த மருந்து கூடுதலாகக் கேட்கும். இவருக்கு அது தேவைப்படவில்லை. ஒன்பதாம் மாதம் நோவு பூச்சியம், வீக்கம் பூச்சியம், பாதம் சுத்தம், சி.ஆர்.பி. லீற்றருக்கு 3, சொந்த மதிப்பு பத்தில் 1.

"நம்பர் குறைஞ்சிட்டுதுதானே, டொக்டர்?"

பன்னிரண்டாம் மாதம் வெளிநாட்டிலிருக்கும் மகனின் வற்புறுத்தலால் வேறொரு தனியார் ஆய்வுகூடத்தில் இரண்டு பரிசோதனைகளையும் மீண்டும் செய்துகொண்டு வந்தார். ருமட்டொயிட் பாக்டர் 34. அன்ரி-சி.சி.பி. 95.

"நம்பர் குறைஞ்சிட்டுதுதானே, டொக்டர். இனிக் குளிசையை விடலாமோ?"

"சந்தோஷமான ரிப்போர்ட்தான் அம்மா. ஆனா குளிசையை இதப் பார்த்து விடேலாது."

இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் கொடுக்க நேரம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான நோயாளிகள் மருந்தை விடுவது இப்படி ஒரு கடதாசியைப் பார்த்துத்தான். முதலாவது, 260-ம் 95-ம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. அன்ரி-சி.சி.பி.க்கு ஒவ்வொரு நிறுவனத்தின் கிட்டும் தனக்கென்று அலகும் வரம்பும் வைத்திருக்கிறது. இரண்டாம் ஆய்வுகூடத்தின் வரம்பு 5. அப்படியென்றால் 95 என்பது வரம்பின் பத்தொன்பது மடங்கு. முதலில் இருந்தது பதின்மூன்று மடங்கு. கூடியது என்றும் சொல்ல முடியாது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ருமட்டொயிட் பாக்டர் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அழற்சி தணியும்போது அது சி.ஆர்.பி.யைப் போலச் சற்று இறங்குவதுண்டு. அன்ரி-சி.சி.பி. அவ்வளவாக அசைவதில்லை. அதைச் சுரக்கும் கலங்களில் ஒரு பகுதி எலும்பு மச்சையில் நெடுங்காலம் குடியிருப்பவை என்றும், மெதோட்ரெக்சேட் அவற்றைத் தொடுவதில்லை என்றும் கருதப்படுகிறது. மூட்டு முழுவதும் அடங்கியவரிடமும் அது உயர்ந்தே நிற்கும். ஆகவே அது இறங்கவில்லை என்று மருந்தைக் கூட்டுவதும் பிழை, இறங்கியது என்று விடுவதும் பிழை. நோய் உறுதியான பின் இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிய தேவை மிக அரிது. அந்தக் காசைக் கால் எக்ஸ்ரேக்குச் செலவழிக்கலாம்.

மூன்றாவதுதான் மகனிடமும் தொலைபேசியில் சொல்லப்பட்டது. மருந்தை முற்றாக விட்டும் நோய் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிறபொருளெதிரிகள் இல்லாதவர்கள். இவரைப் போல இரண்டும் உயர்ந்து, எலும்பு அரிப்பும் உள்ளவருக்கு, எல்லா மருந்தையும் நிறுத்தும் இலக்கை வைப்பது சரியல்ல. மருந்தைக் குறைக்கலாம், அதுவும் ஸ்டீரொயிட் இல்லாமல் ஆறு மாதமாவது தணிவு நின்ற பிறகு.

குறைத்ததும் திரும்பியதும்

பதினைந்தாம் மாதம் ஸல்பாசலசீன் 1 கிராமுக்குக் குறைக்கப்பட்டு, பதினெட்டாம் மாதம் நிறுத்தப்பட்டது. ஒரே நேரத்தில் ஒரு மருந்து, இரண்டு படிகளுக்கு இடையில் மூன்று மாதம், அடித்தளமான மெதோட்ரெக்சேட்டில் கை வைப்பதில்லை என்பது திட்டம். 2021-ல் வெளிவந்த நோர்வே ஆய்வு ஒன்றில், தணிவில் இருந்தவர்களுக்கு மெதோட்ரெக்சேட் போன்ற வழமையான மருந்துகளை அரை அளவாக்கியபோது ஓராண்டில் 25 வீதமானோருக்கு நோய் திரும்பியது. முழு அளவில் தொடர்ந்தவர்களில் 6 வீதம். இந்த இரண்டு எண்களும் அவருக்குச் சொல்லப்பட்டன.

இருபதாம் மாதம் தீபாவளி வேலை குவிந்தது. மெதோட்ரெக்சேட் எடுத்த மறுநாள் குமட்டலால் திங்கட்கிழமை வேலை கெடுகிறது என்று, யாரிடமும் சொல்லாமல் 10 மி.கி.யாக்கிக்கொண்டார். ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் வந்த விரல் வலியைத் தையல் அலுப்பு என்று நினைத்தார். கிளினிக்குக்கு வந்தபோது நோவு 4, வீக்கம் 3, ஈ.எஸ்.ஆர். 34, சி.ஆர்.பி. 19, சொந்த மதிப்பு நூறில் 45. டாஸ்-28 கணக்கு 4.70.

அலுப்பையும் அழற்சியையும் பிரிக்க வழியுண்டு. வேலை அலுப்பு மாலையில் கூடும், இரவுத் தூக்கத்தில் ஆறும். அழற்சி விடியற்காலையில் விறைக்கும், அசைக்க அசைக்க இளகும். இவருக்கு விறைப்பு ஒரு மணித்தியாலம். காய்ச்சல், இருமல், இரவு வியர்வை இல்லை என்று உறுதி செய்த பிறகே நோய் திரும்பியது என்று முடிவு செய்யப்பட்டது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தில் இருப்பவருக்குக் காசநோயை மறந்துவிட்டு எதையும் தொடங்கக்கூடாது. ஸல்பாசலசீனை நிறுத்தியதும் மெதோட்ரெக்சேட்டைக் குறைத்ததும் இரண்டு மாத இடைவெளியில் நடந்ததால் பழியை ஒன்றின் மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் முதல் மாற்றத்துக்குப் பின் நான்கு வாரத்திலும் எட்டு வாரத்திலும் எடுத்த சி.ஆர்.பி. வழமையாகவே இருந்தது.

மெதைல்பிரெட்னிசொலோன் 120 மி.கி. தசையில் ஒரே ஊசி. மெதோட்ரெக்சேட் மீண்டும் 20 மி.கி. குமட்டலுக்கு உண்மையான தீர்வு: அதே ஞாயிறு இரவை சனி இரவாக்கி, சாப்பாட்டுக்குப் பின், 10-ம் 10-மாகப் பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில் இரண்டு பங்கு, ஃபோலிக் அசிட் வாரம் இரண்டு நாள். உறையில் எழுத்து மாற்றப்பட்டது, இரத்தம் எடுக்கும் நாள் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்தது. ஸல்பாசலசீன் உடனே திரும்பத் தொடங்கப்படவில்லை. பன்னிரண்டு வாரத்தில் தணியாவிட்டால் தொடங்குவதென்று வைக்கப்பட்டது. பதினோராம் வாரம் பூலியன் வரையறை நான்கும் நிறைவேறின.

இப்போதைய ஒழுங்கு இது. மெதோட்ரெக்சேட் 20, ஹைட்ரொக்சிகுளோரோகுயின் 200, குறைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த எண்ணிக்கை, ஏ.எல்.ரி., கிரியற்றினின், சி.ஆர்.பி. ஒவ்வொரு வருகையிலும் செருப்பைக் கழற்றிப் பாதம் பார்த்தல், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலின் அடிப்பகுதி கேட்டல். அன்ரி-சி.சி.பி.யும் ருமட்டொயிட் பாக்டரும் இவ்வளவு உயர்ந்தவர்களுக்கு மூட்டு அடங்கியிருக்கும் காலத்திலும் நுரையீரல் இழையம் தடிக்கலாம். வறட்டு இருமல், மாடிப்படியில் புதிதாக மூச்சு வாங்குதல் இருந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை இரு கைகளுக்கும் கால்களுக்கும் எக்ஸ்ரே. இடது சிறுவிரல் கணுவின் அரிப்பு இரண்டாம் ஆண்டுப் படத்தில் பெருக்கவில்லை. ஐந்தாம் ஆண்டிலிருந்து கண் விழித்திரைப் பரிசோதனை. குளிசையின் அளவை மாற்ற நினைத்தால் மாற்றுமுன் கிளினிக் இலக்கத்துக்கு அழைப்பதாக அவரே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அன்ரி-சி.சி.பி. மீண்டும் எடுக்கப்படாது.